எந்த மரம் என்று சொல்

டாமரக் லேக், மிச்சிகன்
செப்டம்பர் 9, 2009

அன்புள்ள ஐலா அக்காவுக்கு,

வெண்டல் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே நீ இதைக் கிழித்துப் போடவில்லை என்றால், இதுவரைக்கும் நல்லது.

முகவரியைக் காரினிடம் வாங்கினேன். "மாமா, அம்மா உங்க ஃபோன எடுக்க மாட்டாங்க. லெட்டர் வேணா போட்டுப் பாருங்க. ஆனா பதில் வரும்னு உக்காந்திருக்காதீங்க" என்றாள். உன் மகள் என்னிடம் பேசுவதே பல்லைக் கடித்துக்கொண்டுதான். நாலு வருஷமாக அப்படித்தான். இருக்கட்டும், அதைப் பேச நான் எழுதவில்லை.

விஷயம் இதுதான். இந்த வருஷம் மான் வேட்டைக்கு மறுபடி மரத்தில் பரண் ஏறப்போகிறேன். நீ மரத்திலிருந்து விழுந்த பிறகு நான் ஏறவே இல்லை. நாலு சீசனும் தரையில் ஒரு குடிசை மாதிரி கட்டி அதற்குள் உட்கார்ந்தேன். நான் மானைப் பார்ப்பதற்குள் மான் என்னைப் பார்த்துவிடுகிறது. போன நவம்பரில் ஒரு பெண்மான் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு என் சாண்ட்விச்சை மோந்து பார்த்துவிட்டுப் போனது. வெளியே சொன்னால் வெட்கம்.

மரம் பார்த்தாகிவிட்டது. பரணும் தயார். சேஃப்டி பெல்ட்தான் பாக்கி. கடையில் சுவர் முழுக்கப் பதினோரு விதம் தொங்குகிறது. அங்கே இருக்கிற பெண்ணிடம் எது நல்லது என்று கேட்டால், "எல்லாமே நல்லதுதான் சார், உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்கிறாள். பிடிப்பதற்கு இது என்ன தொப்பியா? அப்பாவுடைய பழைய இடுப்பு பெல்ட் கொட்டகையில் கிடக்கிறது. அதுவே போதுமோ என்றும் ஒரு யோசனை.

மரத்திலிருந்து விழுந்து உயிரோடு இருக்கிறவர்களில் எனக்குத் தெரிந்தது நீ ஒருத்திதான். வேறு யாரைக் கேட்பேன், சொல்லு.

தம்பி
வெண்டல்


மில்வாக்கி
செப்டம்பர் 17

வெண்டல்,

உன் கடிதம் மூன்று நாள் மேஜைமேல் பிரிக்காமல் கிடந்தது. காரின் வேலைக்குப் போன பிறகு பிரித்தேன். பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்பாவுடைய இடுப்பு பெல்ட் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எழுந்து போய் முதலில் அதை சௌனாவில், நீராவிக் குளியலுக்கு மூட்டுகிற அடுப்பில் போடு. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

போட்டாயா? அந்தப் பெல்ட்டோடு விழுந்தால் அது உன்னை இரண்டாக மடித்து மூச்சை நிறுத்தும். இல்லாவிட்டால் உன் தொப்பைமேல் வழுக்கிக்கொண்டு நெஞ்சுக்கு ஏறும். இரண்டுமே சாவுதான். தோள், நெஞ்சு, இரண்டு தொடை எல்லாவற்றையும் பிடிக்கிற முழு உடம்பு பெல்ட் வாங்கு. அதன் முதுகிலிருந்து ஒரு நாடா வரும். அதன் நுனியில் இருக்கிற கொக்கிதான் உன்னை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கும்.

இன்னொன்று சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. விழுந்த அன்றைக்கு என் உடம்பிலும் பெல்ட் இருந்தது. நல்ல பெல்ட். கொக்கியை மாட்டவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் எல்லோருக்கும் ஒரே பழக்கம். ஏணி ஏறி, பரணில் உட்கார்ந்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டு, அப்புறம்தான் கொக்கியை மாட்டுவோம். விழுகிறவர்கள் எல்லாம் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறார்கள். ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றுகிற அந்த ஒரே அடியில்தான் நானும் போனேன்.

அதனால் பெல்ட்டோடு ஒரு நீளக் கயிறும் வாங்கு. பரணில் நீ உட்கார்ந்தால் உன் தலைக்கு மேலே வருகிற இடத்திலிருந்து மரத்தடி வரைக்கும் அதைக் கட்டு. அந்தக் கயிற்றில் ஒரு முடிச்சு இருக்கும். கையால் தள்ளினால் நகரும், உடம்புப் பாரம் விழுந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே அதில் கொக்கியை மாட்டிவிட்டு ஏறு. மாட்டியபடியே இறங்கு.

எந்த மரம்?

ஐலா


டாமரக் லேக்
செப்டம்பர் 24

அன்புள்ள அக்கா,

நீ பதில் போட்டுவிட்டாய் என்று பக்கத்து வீட்டு டெல்மரிடம் சொன்னேன். டெல்மரிடம் சொன்னால் பேப்பரில் போட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் மதுக்கடை முழுக்க, "என்னப்பா, அக்கா பேசிட்டாங்களாமே!" என்று என்னை விசாரித்துவிட்டார்கள்.

இடுப்பு பெல்ட்டை எரித்துவிட்டேன். நாற்றம் இரண்டு நாள் சௌனாவை விட்டுப் போகவில்லை.

கடைக்குப் போய் முழு உடம்பு பெல்ட்டை மாட்டிப் பார்த்தேன். எந்த ஓட்டையில் கை, எந்த ஓட்டையில் கால் என்று புரிவதற்குள் வேர்த்துவிட்டது. இரண்டு தரம் பெல்ட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் இரண்டு நிற்கிறது. ஒன்று கோட்டு மாதிரி. எட்டுப் பை, உள்ளே கம்பளி, மாட்டவும் சுலபம். ஆனால் அதன் கொக்கிகள் இரும்பு. அசைந்தால் கிணுகிணு என்கிறது. மான் காதில் விழுமோ என்று பயம். இன்னொன்று வெறும் நாடா, எடையே இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. இதை நம்பியா பதினாறு அடி ஏறுவது?

இரண்டிலும் முந்நூறு பவுண்டு வரைக்கும் தாங்கும் என்று போட்டிருக்கிறது. நான் இருநூற்று அறுபத்திரண்டு. சிரிக்காதே.

எந்த மரம் என்று மட்டும் கேட்காதே அக்கா. நம் வீட்டில் யாராவது என்றைக்காவது மரத்தைச் சொல்லியிருக்கிறோமா? அம்மா கேட்டால்கூட அப்பா "காட்டுல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். உன்னிடம் சொன்னால் ஆபத்துக்கு உதவட்டும் என்று நீ டெல்மரிடம் சொல்வாய். அப்புறம் சீசன் தொடக்க நாளன்று என் மரத்தைச் சுற்றி ஊரே வேட்டைக்கார ஆரஞ்சுக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும்.

வெண்டல்


மில்வாக்கி
அக்டோபர் 1

வெண்டல்,

வெறும் நாடா இருக்கிறதே, அதையே வாங்கு. கோட்டு மாதிரி இருப்பது நவம்பர் பனியில் நனைந்து கனக்கும். அந்த எட்டுப் பையிலும் நீ தீனியை நிரப்பி முந்நூறு பவுண்டைத் தாண்டிவிடுவாய். துப்பாக்கி, பூட்ஸ், கம்பளி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதே.

வாங்கும்போது குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு போய் அதன் மேல் மாட்டிப் பார். சட்டைமேல் சரியாக இருப்பது கோட்டுமேல் இருக்காது. தொடை நாடாவில் இரண்டு விரல் நுழையவேண்டும், மூன்றாவது நுழையக்கூடாது.

அடுத்தது முக்கியம். அந்தப் பெட்டிக்குள் சுருட்டிய ஒரு சின்ன நாடா தனியாக இருக்கும். எல்லோரும் அது எதற்கு என்று தெரியாமல் குப்பையில் போடுவார்கள். அதை நெஞ்சுப் பக்கம் கைக்கெட்டுகிற மாதிரி வை. பெல்ட்டில் சும்மா தொங்கினால் தொடை நாடா இறுக்கி, காலுக்குப் போன ரத்தம் மேலே ஏறாது. கால் மணி நேரத்தில் மயக்கம் வரும், அதற்கப்புறம் எழுந்திருக்க மாட்டாய். அந்தச் சின்ன நாடாவைக் கண்ணியாகத் தொங்கவிட்டு, அதில் பாதத்தை வைத்து எழுந்து எழுந்து நிற்கவேண்டும்.

மரம் ஏறுவதற்கு முன்னால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கிப் பழகு. டெல்மரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

இதெல்லாம் செய்தாலும் பெல்ட் உன்னை விழாமல் பிடிக்கும், அவ்வளவுதான். இறக்கிவிடாது. இறக்க ஆள் வரவேண்டும். வருகிற ஆளுக்கு இடம் தெரியவேண்டும். அங்கே ஃபோன் சிக்னலும் கிடைக்காது.

எந்த மரம் என்று சொல்.

ஐலா


டாமரக் லேக்
அக்டோபர் 12

அக்கா,

தொங்கிப் பார்த்தேன். கொல்லையில் மேப்பிள் மரத்தில். டெல்மர் நாற்காலி போட்டு உட்கார்ந்து இறைச்சி அடைத்த பாஸ்டி தின்றுகொண்டே, "கசாப்புக் கடையில தொங்குறத விட நல்லா இருக்கடா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்றான். சின்ன நாடாவில் கால் வைத்து நின்றேன். நீ சொன்னது நிஜம். நிற்காமல் இருந்தபோது ஐந்தே நிமிஷத்தில் தொடை மரத்துவிட்டது.

பெல்ட் விஷயத்தில் நீ சொன்னது எல்லாவற்றையும் கேட்டேன். மரத்தைச் சொல்ல மாட்டேன்.

ஏன் என்று நீயாகக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நாலு வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காரின் என்னைக் கேட்டாளே, "எங்க போறேன்னு அம்மா உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க? காலையில ஏழு மணிக்கு விழுந்தவங்களக் கண்டுபிடிக்க சாயங்காலம் நாலு மணி ஆச்சா? எங்க மாமா போய்த் தொலைஞ்சீங்க?"

தெற்குச் சதுப்பில் இருந்தேன் அக்கா. நீ மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை என்றதும் பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டேன். இடுப்பு வரைக்கும் பனித்தண்ணீர். தொண்டை கிழியக் கத்தினேன். நீ தெற்குச் சதுப்புக்குப் போகிறேன் என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் அந்த வழியாக வந்த வேறு வேட்டைக்காரர்கள் உன்னை எடுத்தது பீவர் குட்டை மேட்டில், அதற்கு நேர் எதிர்ப் பக்கம். நீ பீவர் குட்டை என்றே சொல்லியிருக்க வேண்டும், என் மூளைதான் குழம்பிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இடத்தைச் சொன்னாலும் உருப்படியாகத் தேடத் தெரியாத குடும்பம் இது. அப்புறம் எதற்கு மரம்?

வெண்டல்


மில்வாக்கி
அக்டோபர் 19

வெண்டல், என் தம்பி,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உன் மூளை குழம்பவில்லை. நான் தெற்குச் சதுப்பு என்றுதான் சொன்னேன். பொய் சொன்னேன்.

அந்த வாரம் பீவர் குட்டைப் பக்கம் ஒரு கலைமானைப் பார்த்திருந்தேன். பத்துக் கிளைக் கொம்பு. நான் போகிற இடத்தைச் சொன்னால் நீயும் பின்னாலேயே அங்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். காலையில் சமையலறையில் காபியை ஊற்றிக்கொண்டே, "நான் தெக்குச் சதுப்புக்குப் போறேண்டா" என்றேன். நீ தலையாட்டினாய். ஒரு மானுக்காக. என்ன ஜென்மம் நான்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நீ கத்தினது எனக்குக் கேட்டது. காற்று தெற்கிலிருந்து வீசிற்று. "ஐலா! ஐலா அக்கா!" என்று நீ கூப்பிட்டது மத்தியானம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. விலா எலும்பு உடைந்திருந்ததால் எனக்கு முனகக்கூடச் சத்தம் வரவில்லை. நீ எங்கே தேடுகிறாய், ஏன் அங்கே தேடுகிறாய் என்று தெரிந்தே நான் தரையில் கிடந்தேன்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் காரின் உன்னைத் திட்டினாளே, அப்போது நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்ல முடியவில்லை. மறுநாள் சொல்லாததை மறுவருஷம் எப்படிச் சொல்வது? உன் ஃபோனை எடுக்காமல் இருந்தது கோபத்தில் இல்லை, வெண்டல். உன் குரலைக் கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

நீ என்னை மன்னிக்கவேண்டாம். எந்த மரம் என்று மட்டும் சொல்.

ஐலா


மில்வாக்கி
நவம்பர் 3

வெண்டல்,

பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். பதினைந்தாம் தேதி சீசன் தொடங்குகிறது. என்மேல் இருக்கிற கோபத்தில் கொக்கியை மாட்ட மறந்துவிடாதே. தரையிலேயே மாட்டு.

ஐலா


டாமரக் லேக்
நவம்பர் 8

அக்கா,

மூன்று வாரமாக உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அது இருக்கட்டும்.

உனக்கு ஒன்று தெரியாது. நீ விழுந்த அடுத்த வருஷம் நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலையைப் படம் எடுத்துப் பார்த்தேன். மறதி நோய் தொடங்கிவிட்டது என்று பயம். கடைசிக் காலத்தில் அப்பா நம்மையே யார் என்று கேட்டாரே, அது எனக்கும் வந்துவிட்டதென்று நினைத்தேன். டாக்டர், "ஒண்ணும் இல்லையே, உங்க ஞாபகம் நல்லாத்தானே இருக்கு" என்றார். நான் அவரை நம்பவில்லை. எதை எங்கே வைத்தேன், யாரிடம் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு திரிந்தேன். நாலு வருஷம். உன் கடிதம் வந்த அன்றைக்கு அந்த நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். கோபத்தில் பாதி, நிம்மதியில் பாதி. என் தலை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல நாலு வருஷமா உனக்கு?

காட்டைப் படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்டிருப்பதுதான் மரம். பார்த்ததும் உனக்குத் தெரியும். பீவர் குட்டை மேடு. நீ விழுந்த பைன் மரத்துக்கு அடுத்த மரம். உன் பழைய ஏணியை அன்றைக்கே பிடுங்கி எறிந்துவிட்டேன். இதனால்தான் சொல்லவில்லை அக்கா. குடும்பப் பழக்கம் என்றதெல்லாம் சும்மா. அந்த இடத்தின் பேரைக் கேட்டால் உனக்கு எப்படி இருக்குமோ என்று நினைத்தேன். உன் இடத்தைப் பிடித்துக்கொண்டான் என்று நினைப்பாயோ என்றும்.

தொடக்க நாளன்று ஐந்து மணிக்கு இருட்டிவிடும். இறங்கி நடந்தால் ஐந்தரைக்கு வீடு. ஆறு மணிக்குள் உனக்கு ஃபோன் பண்ணுவேன். மணி அடித்தால் நீ எடுக்கவேண்டும். அடிக்கவில்லை என்றால் டெல்மரைக் கூப்பிட்டு மரத்தைச் சொல்லு. ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை.

வெண்டல்


டாமரக் லேக்
நவம்பர் 18

அன்புள்ள அக்கா,

அன்றைக்கு ஃபோனில் நீ அழுதுகொண்டே இருந்ததால் நான் ஒன்றையும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. எழுதினால் நடுவில் அழ மாட்டாய் என்று எழுதுகிறேன்.

தொடக்க நாள் முழுக்க ஒரு மான்கூட இல்லை. ஐந்து மணிக்குத் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கயிற்றில் கீழே இறக்கினேன். பரணிலிருந்து ஏணிக்குக் கால் மாற்றினேன். படியில் பனி உறைந்திருந்தது. ஏணி ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். ஒரு முழம்கூட விழவில்லை, முடிச்சு பிடித்துக்கொண்டது. கொக்கி மாட்டித்தான் இருந்தது. தோள்பட்டை பிசகிவிட்டது, தொடை இரண்டும் கன்றிப்போய்க் கருநீலம். அவ்வளவுதான்.

ஏணி கீழே. நான் பதினைந்தடி உயரத்தில். சின்ன நாடாவில் கால் வைத்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். ஒரு தரம் காலிலிருந்து நாடா நழுவியது. அப்போதுதான் பயம் வந்தது. இன்னும் ஒரு விஷயம், நீ நம்ப மாட்டாய். கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே அந்தக் கலைமான் வந்தது. அதே பத்துக் கிளை. என் காலுக்கு நேர் கீழே நின்று தரையில் கிடந்த துப்பாக்கியை மோந்தது, அண்ணாந்து என்னைப் பார்த்தது, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விட்டது.

ஆறரைக்கு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. "வெண்டல், அக்கா விழுந்த மேடேதானா! இங்க நல்ல மான் வரும்னுதான் அக்காவும் தம்பியும் இத்தனை வருஷமா வாயே திறக்கலையா?" என்று டெல்மர் கீழே நின்று மேட்டைச் சுற்றிப் பார்த்தானே தவிர என்னைப் பார்க்கவில்லை. "முதல்ல என்னை இறக்குடா பாவி" என்றேன். "உங்கக்கா ஃபோன்ல திட்டின திட்டுல பூட்ஸ் நாடா கட்டாமலே ஓடி வந்திருக்கேன், கத்தாத" என்றான்.

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கூப்பிட்டாயாமே. அந்த ஐந்து நிமிஷம் எதற்குக் காத்திருந்தாய்?

ஒருமுறை விழுந்த பெல்ட்டை மறுபடி போடக்கூடாது என்று கடையில் சொன்னார்கள். எரிக்க மனம் வரவில்லை. சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கு எது வாங்க?

தம்பி
வெண்டல்


மில்வாக்கி
நவம்பர் 24

என் வெண்டலுக்கு,

அந்த ஐந்து நிமிஷமும் ஃபோன் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது கையில் இருந்தால் நீ கூப்பிட்டாலும் மணி அடிக்காது என்று காரின் வந்து பிடுங்கி வைத்த பிறகுதான் உறைத்தது. மறுபடி எடுத்து டெல்மரைக் கூப்பிட்டேன். விழுந்ததிலிருந்து நான் பிடித்து நடக்கிற வாக்கரைப் பிடிக்காமல் இரண்டு காலில் நின்றிருக்கிறேன் என்று அப்புறம்தான் கவனித்தேன்.

காரினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில், "அம்மா, மாமாகிட்ட நான் எந்த மூஞ்சியோட பேசுவேன்?" என்றாள். "நான் எந்த மூஞ்சியோட பேசறேனோ அதே மூஞ்சியோடதான்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கூப்பிடுவாள். அவள் அழுதால் நீ ஏதாவது ஜோக் சொல்லு.

அதே பெல்ட்டையே வாங்கு. வேறு எதையும் பார்க்காதே. வசந்தத்தில் காரின் என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். சௌனா நாற்றம் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். என் மரங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன, ஒன்பது இடம். முப்பது வருஷம் யாரிடமும் சொல்லாதவை. எந்தக் காற்றுக்கு எந்த மரம், எந்த வழியாகப் போகவேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறேன். எங்கே ஏறினாலும் அதன் நம்பரை எனக்குச் சொல்லிவிட்டு ஏறு.

தெற்குச் சதுப்பைப் படத்தில் தேடாதே, போடவில்லை. அங்கே ஒருநாளும் மான் வந்ததில்லை. அன்றைக்கு உன்னிடம் அந்தப் பேரைச் சொன்னதே அதனால்தான். மான் இல்லாத இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், நாலு மணி நேரம் என் பேரைச் சொல்லிக் கத்தினாயே, என் தங்கமே.

ஆறு மணிக்கு ஃபோன் பண்ணு. காட்டுக்குப் போகாத நாளிலும் பண்ணு.

உன் அக்கா
ஐலா